கடல் இருக்கு, கரை எங்கே?

கோடை விடுமுறை நெருங்கினால் காலைச் செய்தித்தாளுக்குள்ளிருந்து வழவழப்பான நோட்டீஸ்கள் விழ ஆரம்பிக்கும். நாலு நாள், மூணு ராத்திரி, விமானக் கட்டணம் உள்பட, காலை டிபன் இலவசம். எந்தக் கம்பெனி நோட்டீஸாக இருந்தாலும் படம் ஒன்றுதான். இரண்டு பிரமாண்டமான பாறைகள், நடுவில் பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர், ஒரு நீளமான படகு. ஆள் நடமாட்டமே இல்லாத தீவு. படகில் போய் இறங்கி, ஆசை தீரக் குளித்துவிட்டு வரலாம்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் முதலில் கணக்குதான் போடத் தோன்றும். போக, வர, தங்க, சாப்பிட, படகுக் கூலி எல்லாம் சேர்த்தால் தலைக்கு அரை லட்சம் ரூபாய் பக்கம் வந்து நிற்கிறது. தண்ணீரில் இருக்கப் போவது மொத்தமே இரண்டு மணி நேரம். உலகத்திலேயே விலை உயர்ந்த குளியல் இதுவாகத்தான் இருக்கும்.

போகிறவர்களைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. சம்பாதிக்கிறார்கள், போகிறார்கள். என் கேள்வி வேறு. 1,000 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை வைத்திருக்கிற மாநிலத்துக்காரன், கடலில் ஒரு முழுக்குப் போட ஏன் விமானம் ஏற வேண்டும்?

அந்த நோட்டீஸ் படத்தின் கதையையும் கேளுங்கள். தாய்லாந்தின் ஃபி ஃபி தீவுக் கூட்டத்தில் 'மாயா பே' என்று ஒரு குட்டிக் கடற்கரை. மூன்று பக்கமும் பாறை. 2000-ல் வந்த 'தி பீச்' என்ற ஹாலிவுட் படத்தில் அதைக் காட்டினார்கள். தனிமையான இடம் என்று காட்டியதைப் பார்க்க உலகமே கிளம்பிவிட்டது. உச்சகட்டத்தில் ஒரு நாளைக்கு 5,000 பேர். படகு நங்கூரம் பட்டே பவளப் பாறைகள் நொறுங்கின. 2018 ஜூனில் தாய்லாந்து அரசு இழுத்து மூடியது. 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது. படகில் போய், பாறையைப் பார்த்து, முழங்காலை நனைத்துவிட்டுத் திரும்பி வரலாம். அதற்குத்தான் அரை லட்சம்.

சரி, இந்த வசதி இங்கேயே இல்லையா? பாறை, கடல், குளியல், மூன்றும் ஒரே இடத்தில்?

இருக்கிறது. பாஸ்போர்ட் வேண்டாம். மெட்ரோ ரயிலில் ஏறி காலடிப்பேட்டையில் இறங்குங்கள். 2021 பிப்ரவரியில் திறந்த நிலையம். கிழக்குப் பார்த்து நடந்தால் கொஞ்ச நேரத்தில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை வரும். கன்டெய்னர் லாரிகள் இடைவெளி விட்டால் அந்தப் பக்கம் போய்விடலாம். எதிரே பாறை. வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்குக் கருங்கல். அதற்கு அப்பால் வங்கக்கடல்.

பாறை இருக்கிறது, கடலும் இருக்கிறது. குளிக்க முடியாது. அதுதான் விஷயம்.

அங்கே கல்மேல் உட்கார்ந்து வலை சரி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "இங்க யாரும் குளிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "எங்க சார் குளிக்கிறது? கல்லுமேல இருந்து குதிச்சா மண்டை போய்டும். எங்க அப்பா காலத்துல இங்கருந்து கண்ணுக்கு எட்டுற வரைக்கும் மணலு. அப்போ கபடி ஆடுவாங்க, கருவாடு காயப் போடுவாங்க. அந்த மணல்லாம் இப்ப கடலுக்குள்ள கீது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். அந்த மணல் முழுக்கக் கடலுக்குள் இல்லை. அதில் ஒரு பெரிய பங்கு மெரினாவில் இருக்கிறது.

* * *

கணக்குப் படித்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம், ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். நம் ஊர்க் கடற்கரையில் இந்த விதி 150 வருடமாக அப்படியே நடந்துகொண்டிருக்கிறது.

நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அடையாறு பக்கம் கிடந்த மணல் ராயபுரம் வந்து, திருவொற்றியூர் தாண்டி, எண்ணூருக்குப் போகும். பின்னால் வருகிற மணல் அந்த இடத்தை நிரப்பும். தினப்படி பட்டுவாடா மாதிரி.

1875-ல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் ஆரம்பித்தது. கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் சுவரில் முட்டி, தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. அதற்கு முன்னால் இன்றைய காமராஜர் சாலைக்குப் பக்கத்திலேயே அலை வந்து போகும். மணல் சேரச் சேர கரை அகலமானது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். சென்னையின் பெருமை, உலகப் புகழ் பெற்ற கடற்கரை, சுண்டல், பட்டம், தலைவர்கள் சமாதி எல்லாம் அந்த வரவில் வந்தவை.

பற்று யார் கணக்கில்? சுவருக்கு வடக்கே இருந்த ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர். இங்கேயும் அலை மணலை வடக்கே எடுத்துக்கொண்டு போனது. ஆனால் தெற்கிலிருந்து நிரப்ப மணல் வரவில்லை. முதலில் மணல் போனது, பிறகு தென்னை போனது, அப்புறம் குடிசை, தெரு, சாலை. தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். கொட்டிய இடத்தில் நின்றது, அடுத்த இடத்தில் அரித்தது. அங்கேயும் கொட்டினார்கள். அதுதான் இந்தக் கருங்கல் வரிசை. பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன.

கல் போட்டதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கல் இல்லாவிட்டால் இன்று பல குப்பங்கள் இருந்திருக்காது. தூண்டில் வளைவுகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் மணல் திரும்பியும் இருக்கிறது. அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்டது சரி. அடித்தவர் யார் என்று ஏன் கேட்கவே இல்லை என்பதுதான் என் கேள்வி. துறைமுகத்தின் லாபம் வருஷா வருஷம் ஆண்டறிக்கையில் அச்சாகிறது. அது தின்ற கரை எந்த ஆண்டறிக்கையிலாவது நஷ்டமாக ஏறியிருக்கிறதா? ஏறாது. ஏனென்றால் அந்தக் கரைக்கு விலை போடவில்லை. விலை இல்லாத சொத்து கணக்குப் புத்தகத்தில் வராது.

* * *

திருவொற்றியூர்க் கடற்கரை சாதாரணக் கரையா? பட்டினத்தார் சமாதி இங்கேதான். அவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரையில் விளையாடிய பையன்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, தன்னை மூடச் சொல்லி, ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் எழுந்து வித்தை காட்டினாராம். கடைசியில் ஒரு தடவை மூடினார்கள், எழவில்லை. லிங்கமாகிவிட்டார் என்பது ஐதீகம். எல்லாவற்றையும் துறந்த ஒரு மனிதர், கடைசியாகத் துறக்காமல் வைத்திருந்தது கடற்கரை மணலில் பையன்களோடு ஆடும் விளையாட்டை. இன்றைக்கு அவர் வந்தால் மறைவதற்கு மணல் தேட வேண்டும்.

காலடிப்பேட்டை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ மகான் காலடி பட்ட இடம் என்று பலர் நினைக்கிறார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரர், நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. காலெட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. கம்பெனிக்குத் துணி வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்கு ஒரு பேட்டை. முந்நூறு வருஷமாகியும் வட சென்னையைப் பற்றிய எண்ணம் பெரிதாக மாறவில்லை. சரக்கு வேண்டும், மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும். அங்கே இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஃபைல் நகராது.

இதில் பெரிய வேடிக்கை எண்ணூர். ஒரு காலத்தில் சென்னை வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் படகு விடவும் போன இடம் அது. 1800-களின் ஆரம்பத்தில் வெட்டிய கொக்ரேன் கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறியது. அதில் படகில் ஏறினால் எண்ணூர் போகலாம். ஒரு பக்கம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம், மறுபக்கம் கடல், அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி மணல் தீவு. இன்று நோட்டீஸில் விற்கிறார்களே, படகில் போய்த் தனிமையான கரையில் இறங்குவது, அது வடசென்னையின் பழைய ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு என்ன ஆனது? அனல் மின்நிலையங்கள் வந்தன. சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காமராஜர் துறைமுகம் என்று பெயர். 2013-ல் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டமும் போட்டார்கள். பழவேற்காடு வரை மீனவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள். துறைமுகத்துக்கு வடக்கே என்ன நடக்கும் என்று காலடிப்பேட்டைக்காரனிடம் கேட்டால் பட்டப் படிப்பு இல்லாமலே சொல்வான்.

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு எர்ணாவூர்க் கருங்கல் எல்லாம் தார் பூசியது போல் ஆனது. விண்வெளிக்கு ராக்கெட் விடும் தேசம், கடலில் கொட்டிய எண்ணெயை பிளாஸ்டிக் பக்கெட்டால் அள்ளியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். இந்த முறை எண்ணூர்க் கழிமுகம் முழுக்க. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் இருந்து அமோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த ஜனம் மூச்சுத் திணறித் தெருவில் ஓடியது.

இந்தத் தண்ணீரில் குளி என்று யாரையும் நான் சொல்ல முடியாது. குளிக்க முடியாத கடலை யார் உண்டாக்கியது என்று கேட்க முடியும்.

* * *

"சோத்துக்கே வழியில்லாத இடத்துல நீச்சல் ஒரு பிரச்னையா சார்?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை நான் வெறுக்கிறேன். அடையாறில் இருப்பவன் நடைப்பயிற்சி செய்தால் ஆரோக்கியம், காலடிப்பேட்டையில் இருப்பவன் கடலில் குளிக்க ஆசைப்பட்டால் ஆடம்பரமா? ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்பது ஏழை சொன்னதில்லை. எப்போதும் சாப்பிட்டு முடித்தவர்கள்தான் சொல்கிறார்கள்.

"தொழிற்சாலை இல்லாட்டி வேலை ஏது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. துறைமுகத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. துறைமுகம் வேண்டும், சரக்கு வர வேண்டும். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தடுக்கிற மணலை வாரி, வடக்கே ஆர்.கே. கடற்கரைக்குப் போடுகிறார்களே, அவர்கள் துறைமுகத்தை மூடிவிட்டார்களா? புதுச்சேரியில் 2018-19-ல் கடலடியில் தடுப்பு அமைத்தார்கள். பல வருஷமாக வெறும் கல்லாகக் கிடந்த கடற்கரைச் சாலைக்கு எதிரே மணல் திரும்பி வந்தது. தடுத்த மணலுக்கு ஈடு கொடு என்பது வளர்ச்சிக்கு விரோதம் இல்லை. சாதாரண வியாபார தர்மம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். "கடல்ல இறங்கினா செத்துப் போவாங்களே?"

உண்மை. 2025 அக்டோபர் 31 அன்று எண்ணூர் பெரியகுப்பம் கரையில் நான்கு பெண்களைக் கடல் இழுத்துக்கொண்டது. நாடு முழுக்க 2022-ல் மட்டும் 38,000-க்கும் அதிகமானவர்கள் தண்ணீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? 'குளிக்கத் தடை' என்று ஒரு போர்டு. லத்தியோடு ஒரு கான்ஸ்டபிள். அதோடு அரசாங்கத்தின் கடமை முடிந்தது. தடை போட ஒரு பலகையும் ஒரு பெயின்ட் டப்பாவும் போதும். நீச்சல் சொல்லித்தரத்தான் செலவு.

தூண்டில் வளைவு உள்ள கரையில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அலை கரைக்கு அள்ளி வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். கல்லை ஒட்டி வாய்க்கால் மாதிரி கடலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். மேலே பார்த்தால் அந்த இடத்தில்தான் அலையே இருக்காது, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவன் "இங்க அலை இல்லடா" என்று அங்கேதான் இறங்குவான். இழுத்துப் போனால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போவான். இழுப்பில் மாட்டினால் எதிர்க்காமல் மிதந்து, கல் இல்லாத பக்கமாகக் குறுக்கே நீந்தி வெளியே வர வேண்டும். குப்பத்துச் சிறுவனுக்கு இது தெரியும். அவன் அப்பா சொல்லித் தந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தருகிறார்களா? மாகாணங்களின் தலைநகரங்களை ஒப்பிக்கிற பிள்ளைக்கு, வீட்டு வாசலில் இருக்கிற கடலில் உயிர் பிழைக்கத் தெரியாது.

1892 டிசம்பரில் விவேகானந்தர் கன்னியாகுமரியில் பாறைக்கு நீந்திப் போனார் என்று பெருமையாகச் சொல்கிறோம். படகுக்குக் காசில்லை, குதித்து நீந்தினாராம். இப்போது அந்தப் பாறைக்குப் படகு விடுகிறோம், டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறோம். அவரைப் போல யாராவது குதித்தால் கரையில் போலீஸ் காத்திருக்கும்.

* * *

அப்படியானால் என்னதான் செய்வது? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துக் கரையும் பாறைக் கரைதான். அங்கே 100 வருடங்களுக்கு முன்பே ஒரு வேலை செய்தார்கள். பாறைகளுக்கு நடுவே சுவர் கட்டி, கடல் தண்ணீரைத் தொட்டி போலத் தேக்கினார்கள். அலை வந்து மோதித் தண்ணீரை மாற்றும், ஆளை இழுக்காது. கூகீ என்ற இடத்தில் உள்ள வைலீஸ் குளம் 1907-ல் திறந்தது. இன்றும் ஜனங்கள் நீந்துகிறார்கள். இப்படிப்பட்ட கடல் குளங்கள் அந்த மாநிலத்தில் ஏராளம், பெரும்பாலானவற்றில் கட்டணமே கிடையாது. அவர்களுக்கு இயற்கை கொடுத்த பாறை. நமக்கு மனிதன் கொட்டிய பாறை. இரண்டு தூண்டில் வளைவுக்கு நடுவே ஒரு இடத்தையாவது அடைத்து, வடசென்னைப் பிள்ளைகள் நீந்த ஒரு குளம் கட்ட நம் பொறியாளர்களுக்குத் தெரியாதா? கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுவர் கட்டத் தெரிந்தவர்களுக்கு?

2024 மார்ச்சில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 4,181 கோடி ரூபாய்க்கு ஆரம்பித்தார்கள். கடற்கரை மேம்பாடும் அதில் ஒரு பகுதி. வரவேற்கிறேன். ஆனால் நம் ஊரில் கடற்கரை மேம்பாடு என்றால் டைல்ஸ் பதித்த நடைபாதை, இரும்பு பெஞ்ச், செல்ஃபி எடுக்க வண்ண எழுத்துகள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் வசதி. என் கோரிக்கை வேறு.

ஒன்று, பாதுகாப்பான ஒரு கடல் குளம். இரண்டு, தண்ணீரைச் சோதித்து அங்கேயே பலகையில் எழுத வேண்டும். குளிக்கத் தகுந்த கடல் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கிருமிகள் 100-க்குள் இருக்க வேண்டும் என்பது நம் அரசாங்கத்தின் விதிதான். திருவொற்றியூரில் எவ்வளவு இருக்கிறது என்று வாரா வாரம் எழுதிப் போடுங்கள். எண்ணைப் பார்த்தால் ஜனங்களே கேள்வி கேட்பார்கள். மூன்று, குப்பத்து இளைஞர்களை மாதச் சம்பளத்தில் உயிர்காக்கும் பணியில் அமர்த்துங்கள். யாராவது மூழ்கினால் இன்றைக்கும் முதலில் குதிப்பது அவர்கள்தான், சம்பளம் இல்லாமல். நான்கு, கரையோர மாநகராட்சிப் பள்ளிகளில் நீச்சலைப் பாடமாக வையுங்கள். ஐந்து, வடக்கே மணலைத் திருப்பிப் போடும் செலவு துறைமுகங்களின் கணக்கில் ஏறட்டும்.

இதில் எதுவும் நிலாவைப் பிடிக்கிற வேலை இல்லை. ஆனாலும் நடக்காது, நாம் கேட்காத வரைக்கும். நாம் ஏன் கேட்பதில்லை என்றால், வசதி உள்ளவன் நோட்டீஸைப் பார்த்து விமானம் ஏறிவிடுகிறான். இங்கே கெட்டுப் போனால் அங்கே ஒரு தீவு. அங்கேயும் கெட்டால் இன்னொரு தீவு. மன்னார் வளைகுடாவில் நமக்கே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சத்தைத் தேசியப் பூங்காவாக்கி, யாரும் இறங்கக் கூடாது என்று காப்பாற்ற வேண்டி வந்தது. ஓடுவதற்குத் தீவுகளும் ஒரு நாள் தீரும்.

மாசி மகத்தன்று சாமியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறோம். சாமி குளிக்கக் கரை வேண்டும் என்றால் அதிகாரிகள் ஓடி வந்து வழி செய்து தருகிறார்கள். காலடிப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண் குழந்தைக்கும் அதே கடல்தான், அதே கரைதான். அவள் குளிக்க எப்போது வழி செய்து தரப் போகிறீர்கள், சார்?